தமிழ்ப் பெயர்ப்பலகைக்கு வெக்டர் கோப்பு: கர்வ்ஸ் ஆக்கிய பிறகும் எழுத்துக்குள் ஓட்டை விழுவது ஏன்?

நூல்முனை கேட்டது:

ஒரு நூலகத்தின் முகப்புக்கு “பொது நூலகம்” என்று எழுத்து வெட்ட வேண்டும். 10 மி.மீ. அக்ரிலிக், ‘ப’வின் உயரம் 250 மி.மீ., மொத்த நீளம் 2400 மி.மீ. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஸ்டட் (பின்பக்கம் பதிக்கும் சிறு கம்பி) வைத்துச் சுவரில் பொருத்தப்படும். அதே சொற்கள் கண்ணாடிக் கதவில் 60 மி.மீ. உயரத்தில் வினைலாக (வெட்டி ஒட்டும் படலமாக) வர வேண்டும். அவற்றின் கீழே திறந்திருக்கும் நேரம் 15 மி.மீ. உயரத்தில்.

பலகை செய்பவர் கேட்பது: எல்லாம் கர்வ்ஸில் (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வெளிக்கோட்டு வடிவங்களாக), 1:1 அளவில், மி.மீ.யில், கோடு மேல் கோடு ஏறாமல்.

இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில், ஒரு வேரியபிள் ஃபான்ட்டின் (எடையை வேண்டியபடி மாற்றக்கூடிய ஃபான்ட்) போல்டு எடையில் தட்டச்சு செய்து, கர்வ்ஸ் ஆக்கும் ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளை கொடுத்து, எல்லாவற்றையும் கம்பைன் செய்தேன். திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. அவருடைய வெட்டும் மென்பொருளில் திறந்தால் ‘து’, ‘நூ’ இரண்டிலும் உடலும் கீழே இறங்கும் கொக்கியும் சேருமிடத்தில் வெள்ளையாக ஓட்டை தெரிகிறது. என்ன காரணம்? வேறென்ன பார்த்து அனுப்ப வேண்டும்? ‘ம்’ மேலுள்ள புள்ளியை ‘ம’வோடு ஒரு சிறு பாலம் போட்டு இணைக்கலாமா?

---

வளைகோடு:

ஓட்டைக்குக் காரணம் கம்பைன். அது பாதைகளை ஒரே பொருளாகக் கட்டி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கோடுகள் அப்படியே இருக்கும். வேரியபிள் ஃபான்ட்களில் ஓர் எழுத்தின் பாகங்கள் தனித்தனி வடிவங்களாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பது வழக்கம். எடை மாறும்போது பாகங்கள் தனித்தனியே தடிக்கவும் மெலியவும் வேண்டும் என்பதால் வேண்டுமென்றே அப்படி விடுகிறார்கள். திரையில் படிக்க அதனால் பாதிப்பு இல்லை, வெட்டும்போதுதான் தொல்லை.

உங்கள் திரையில் ஒழுங்காகவும் அவர் திரையில் ஓட்டையாகவும் தெரிவது நிரப்பும் விதி, அதாவது கோடுகளுக்குள் எந்த இடம் நிறம் பெறும் என்று முடிவு செய்யும் விதி, வேறுபடுவதால். நான்-ஜீரோ விதியில், ஒரே திசையில் சுற்றும் இரண்டு வடிவங்கள் ஏறினாலும் அந்த இடம் நிரம்பியே இருக்கும். ஈவன்-ஆட் விதியில் இரண்டு முறை மூடப்பட்ட இடம் காலியாகக் கணக்காகும். வெட்டும் மென்பொருள்கள் பலவும் ஈவன்-ஆட் விதியைத்தான் பின்பற்றுகின்றன. வினைல் வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் கத்திக்கு நிரப்பு நிறம் என்று ஒன்றே கிடையாது. கோடு இருக்கும் வழியெல்லாம் போகும். ஓட்டை தெரியாவிட்டாலும் எழுத்து அந்த இடத்தில் இரண்டாகத் துண்டுபடும்.

செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் தட்டச்சு செய்த நிலையிலேயே ஒரு நகலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் ஆன பிறகு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் வழி இருக்காது. அடுத்து ஆப்ஜெக்ட் டு பாத் (ஷிஃப்ட்+கண்ட்ரோல்+சி), பிறகு அன்குரூப். நிரப்பு-கோடு பலகத்தின் மேல் மூலையில் நிரப்பும் விதிக்கான இரண்டு குறிகள் இருக்கும். அதில் நான்-ஜீரோவைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் யூனியன் (ஏறிய வடிவங்களை ஒன்றாக்கும் கட்டளை) அந்த விதியைப் பார்த்துத்தான் வேலை செய்யும். ஈவன்-ஆடில் விட்டு யூனியன் கொடுத்தால் ஓட்டை நிரந்தரமாகிவிடும்.

பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுத்து யூனியன் (கண்ட்ரோலும் கூட்டல் குறியும்). ஒரே பாதை மட்டும் தேர்வில் இருந்தாலும் அது தன்மேல் தானே ஏறிய கோடுகளை நீக்கித் தரும். கோரல் டிராவில் கண்ட்ரோல்+க்யூ, பிறகு வெல்ட். இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ், பிறகு பாத்ஃபைண்டரில் யுனைட். பாதையைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரேக் அபார்ட்டைத் தொட வேண்டாம். ‘க’வின் உள்வட்டம் தனி வடிவமாகி, கறுப்பின்மேல் கறுப்பாக மூடிக்கொள்ளும்.

கடைசியில் வெறும் கோடாகப் பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் காட்சி முறையை அவுட்லைனுக்கு மாற்றலாம், இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்+ஒய், கோரலில் வயர்ஃப்ரேம். எழுத்தின் உடலுக்குள் எங்காவது ஒரு கோடு குறுக்கே ஓடினால் வேலை முடியவில்லை. நிரப்பு நிறத்தோடு பார்த்து “சரி” என்று சொல்வது போதாது.

இன்னும் மூன்று விஷயங்கள் உண்டு.

எழுத்தைத் தடிமனாக்க ஸ்ட்ரோக் (விளிம்புக்கோடு) கொடுத்திருந்தால் அந்தத் தடிமன் வெட்டில் வராது. கத்தி பாதையின் நடுக்கோட்டில்தான் போகும். ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து யூனியன் செய்ய வேண்டும். ஆனால் அதைவிட ஃபான்ட்டிலேயே தடித்த எடையை எடுப்பது மேல். ஸ்ட்ரோக் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வீங்குவதால் ‘து’, ‘க’ போன்றவற்றின் உள்வட்டம் அடைபடும்.

நோட் (பாதையின் கட்டுப்பாட்டுப் புள்ளி) குறைக்கிறேன் என்று சிம்ப்ளிஃபை கொடுக்காதீர்கள். ட்ரூடைப் ஃபான்ட்களில் நோட்கள் சற்று அதிகமாக இருப்பது இயல்பு, அதனால் வெட்டு கெடாது. சிம்ப்ளிஃபை கொடுத்தால் ‘ப’வின் நேர் மூலைகள் மழுங்கும். 250 மி.மீ. உயரத்தில் அது தெருவிலிருந்தே தெரியும்.

எழுத்து இடைவெளியையும் தட்டச்சு நிலையிலேயே கூட்டாதீர்கள். டிராக்கிங் கூட்டினால் சில மென்பொருள்களில் ‘பொ’வின் கொம்பும் ‘ப’வும் காலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மூன்று எழுத்து போல நிற்கும். கர்வ்ஸ் ஆக்கிய பிறகு கொம்பு, ‘ப’, கால் மூன்றையும் ஒரு குரூப்பாகவும், ‘ம’வையும் புள்ளியையும் இன்னொரு குரூப்பாகவும் கட்டி, குரூப்களுக்கு நடுவே மட்டும் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

---

கத்திமுனை:

புள்ளிக்குப் பாலம் போட வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது பாலம் புள்ளியை ‘ம’வின் ஒரு கொம்பாக மாற்றிவிடும். தனித் துண்டாகவே வெட்டட்டும். சுவரில் சரியான இடத்தில் பொருத்துவது வேறு கேள்வி, அதற்கு வழி உண்டு.

முழு அளவில் காகித டெம்ப்ளேட் ஒன்று கேளுங்கள், அல்லது நீங்களே கொடுங்கள். எல்லா எழுத்தின் வெளிக்கோடு, எழுத்துகள் நிற்கும் அடிமட்டக்கோடு, ஸ்டட் துளைகளின் மையம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதைச் சுவரில் ஒட்டி, மட்டம் பார்த்து, அதன்மேலேயே துளை போடுவார்கள். புள்ளி எவ்வளவு உயரம், ‘நூ’வின் கீழ்க்கொக்கி எவ்வளவு இறக்கம் என்பதை ஏணியில் நின்றுகொண்டு கண்ணால் முடிவு செய்ய விடக் கூடாது. புள்ளி வட்டமாக இருந்தால் ஒரு ஸ்டட் போதும். சதுரமோ சாய்சதுரமோ என்றால் இரண்டு வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போதே திரும்பிக்கொள்ளும்.

துண்டுக் கணக்கைக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். “பொது நூலகம்” என்பதில் எதுவும் ஒன்றையொன்று தொடாவிட்டால் ஒன்பது துண்டு: கொம்பு, ப, கால், து, நூ, ல, க, ம, புள்ளி. தமிழ் படிக்கத் தெரியாதவர் வெட்டினாலும் பொதி கட்டினாலும் ஒன்பது இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். கொம்பும் காலும் தலைகீழாகப் பொருத்தப்படாமல் இருக்க ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இடச் சொல்லுங்கள்.

உயரம் பற்றி: “250 மி.மீ. எழுத்து” என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு அளவு எடுப்பார்கள். புள்ளியின் உச்சியிலிருந்து ‘நூ’வின் அடிவரை மொத்தமே 250 என்று ஒருவர் எடுத்தால் ‘ப’ வெகுவாகச் சிறுத்துவிடும். ‘ப’வின் அடியிலிருந்து முடிவரை 250 என்று அளவுக்கோடு போட்டுக் காட்டுங்கள். மொத்த உயரத்தையும் தனியாகக் குறியுங்கள். பக்கத்தில் ஆங்கில வரி வந்தால் ஃபான்ட் அளவு எண்ணை வைத்து ஒப்பிடாமல், பெரிய எழுத்தின் உயரத்தை ‘ப’வின் உயரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே பாயின்ட் அளவில் இரண்டும் பெரும்பாலும் சமமாக இருக்காது.

வெட்டும் முறையையும் கேட்டுவிடுங்கள். லேசரில் வெட்டுத்தடம் மி.மீ.யில் ஒரு சிறு பங்குதான். ரவுட்டர் (சுழலும் பிட்டால் வெட்டும் இயந்திரம்) என்றால் கதை வேறு: 3 மி.மீ. பிட் நுழையாத இடைவெளியை வெட்டவே முடியாது, உள்மூலை ஒவ்வொன்றிலும் 1.5 மி.மீ. ஆரம் விழும். கொக்கி உடலை நெருங்கும் இடம், ‘ல’வின் தொடக்கச் சுழி, புள்ளிக்கும் ‘ம’வுக்கும் நடுவிலுள்ள சந்து ஆகியவற்றை அளந்து பாருங்கள். பிட் விட்டத்துக்கான ஈட்டை (வெட்டுப்பாதையைப் பிட்டின் பாதி அகலம் தள்ளி வைப்பதை) கோப்பில் நீங்கள் சேர்க்கக் கூடாது. அது இயந்திரத்தை ஓட்டுபவர் மென்பொருளில் கொடுப்பது. இருவரும் கொடுத்தால் ஈடு இரு முறை சேர்ந்து எழுத்து தடிக்கும் அல்லது மெலியும்.

கோட்டின் மிக மெல்லிய இடம் அக்ரிலிக்கின் கனத்தைவிடக் குறையாமல் இருக்கட்டும், இங்கே 10 மி.மீ. 250 உயரத்தில் போல்டு எடைக்கு இது எளிதாகக் கிடைக்கும். முனை கூராகக் குறுகும் கையெழுத்துப் பாணி ஃபான்ட்டில்தான் உடையும். ஸ்டட் பதிக்கும் இடத்தில் அகலம் அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

வினைலுக்கு இதே வரைபடத்தைச் சுருக்கி அனுப்புவது 60 மி.மீ. வரிக்குச் சரிவரும். 15 மி.மீ. நேர வரிக்குச் சரிவராது. கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் அங்கே 1.5 மி.மீ.தான் வரும். வேண்டாத வினைலை உரிக்கும்போது அந்தக் கோடு கூடவே எழும்பும். புள்ளிகள் இன்னும் மோசம்: பாதி உரியும், மீதி டிரான்ஸ்ஃபர் டேப்பில் (எழுத்தைத் தாளிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு மாற்றும் டேப்) ஒட்டாமல் தாளிலேயே நின்றுவிடும். கோடும் புள்ளியும் 2 மி.மீ.க்குக் குறையாதபடி இன்னும் தடித்த எடையில் தனியாகத் தட்டச்சு செய்து, எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். அப்போதும் நெருக்கமாக இருந்தால் 20 மி.மீ.க்கு ஏற்றுங்கள், அல்லது அந்த வரியை மட்டும் அச்சிட்ட ஸ்டிக்கராகக் கேளுங்கள்.

கதவில் வினைல் உள்பக்கம் ஒட்டப்படுமா வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றாலும் கோப்பை நீங்கள் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பாதீர்கள். நேராகவே வைத்து, “உள்ளே ஒட்டப்படும், வெளியிலிருந்து படிக்கப்படும்” என்று எழுதுங்கள். நீங்கள் ஒரு முறை, அவர் ஒரு முறை திருப்பினால் பழையபடி நேராகி, வினைல் வீணாகும்.

---

நூல்முனை:

நான்-ஜீரோவுக்கு மாற்றி யூனியன் கொடுத்ததும் ‘து’, ‘நூ’ இரண்டிலும் குறுக்குக்கோடு போய்விட்டது. உள்வட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று. நேர வரியின் வாசகம் வேர்ட் கோப்பில் வந்திருக்கிறது. அதை ஒட்டினால் ஓரிடத்தில் புள்ளியிட்ட வட்டம் தோன்றுகிறது. ஃபான்ட் குறையா? ஃபான்ட்டை உள்ளே பதித்த பி.டி.எஃப். கொடுத்தால் போதாதா, கர்வ்ஸ் கட்டாயமா?

---

ஏட்டெழுத்து:

புள்ளியிட்ட வட்டம் பெரும்பாலும் ஃபான்ட் குறை அல்ல, வாசகத்தின் குறை. உயிர்க்குறி தவறான இடத்தில் இருக்கிறது என்று எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் சொல்லும் எச்சரிக்கை அது. அடிக்கடி வருவது ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்த்து ‘ா்’ என்று அடித்திருப்பது. வடிவம் ஒத்திருப்பதால் “அவா்” என்பதும் “அவர்” என்பதும் சில ஃபான்ட்களில் ஒன்றுபோலவே தெரியும். வேறு சில ஃபான்ட்களில் ‘ர’வுக்குக் கீழே சாய்ந்த கால் இருக்கும், துணைக்காலுக்கு இருக்காது, பலகையில் பிழை அப்பட்டமாக வெளிவரும். “ஞாயிறு தவிர” என்பதில் பிழையில்லாமல் இருக்கலாம், “வாசகர்” என்பதில் இருக்கலாம். ஆகவே எல்லா ‘ர்’களையும் தேடலில் போட்டுப் பாருங்கள்: ‘ா்’ என்று தேடி, கிடைப்பதையெல்லாம் ‘ர்’ ஆக மாற்றினால் தீர்ந்தது.

இதே இனத்தில் இன்னும் சில உண்டு. ‘பௌ’ என்பதை ‘பெ’ + ‘ள’ என்று அடித்திருப்பார்கள். நல்ல ஃபான்ட்டில் ஔகாரக் குறி ‘ள’வைவிட வேறுபட்டு அமைந்திருக்கும், பிழையாக அடித்தால் அது வராது. ‘ஸ்ரீ’யை ‘ஸ’விலிருந்தும் கட்டலாம், ‘ஶ’விலிருந்தும் கட்டலாம். சில ஃபான்ட்கள் இரண்டில் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாகக் காட்டும். உடைந்து தெரிந்தால் மற்றதை அடித்துப் பாருங்கள். ‘க்’கும் ‘ஷ’வும் சேராமல் தனித்தனியே நிற்க வேண்டிய பெயர்களில் நடுவே அகலமில்லா இணைப்பு நீக்கியை (ZWNJ என்ற கண்ணுக்குத் தெரியாத குறி) செருக வேண்டும், இல்லையென்றால் ‘க்ஷ’ ஆகிவிடும்.

பி.டி.எஃப். பற்றி: ஃபான்ட் பதித்த கோப்பு பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் போதும், வெட்டுவதற்குப் போதாது. பலகை செய்பவர் அதைப் படிப்பானில் பார்க்கப்போவதில்லை. வரையும் மென்பொருளில் திருத்தத்துக்காகத் திறப்பார். அங்கே ஃபான்ட் இல்லையென்றால் வேறொன்று உட்காரும். தமிழுக்குரிய எழுத்துச் சேர்க்கையை அந்த மென்பொருள் செய்யாவிட்டால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய்விடும். இல்லஸ்ட்ரேட்டரில்கூட, விருப்பங்களில் இண்டிக் தேர்வைக் காட்டச் சொல்லி, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளை வரியாக அமைக்கும் தேர்வு) தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் குலைந்துதான் வரும். வாசகத்தை அனுப்பி “நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்” என்பதும் ஆபத்து. பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியேற்ற ஃபான்ட்கள்தான் இருக்கின்றன. அவற்றில் யூனிகோட் வாசகத்தை ஒட்ட முடியாது, கையால் மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு மறுதட்டச்சும் ஒரு புதிய பிழைக்கு வாசல்.

அதனால் கர்வ்ஸ் கட்டாயம். கூடவே அதே கோப்பிலிருந்து எடுத்த ஒரு படத்தை, பி.என்.ஜி. போதும், “இதோடு ஒப்பிடவும்” என்று சேர்த்து அனுப்புங்கள். கர்வ்ஸ் ஆக்கிய பின் வாசகத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், முடிந்தால் இதுவரை அதைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு. எழுத்துச் சரிபார்ப்பான் இனி உதவாது, அவை வெறும் வடிவங்கள்.

மூலம் வேறு மென்பொருளில் சரியாகத் தெரிந்து, வரையும் மென்பொருளில் மட்டும் குலைகிறது என்றால் சுற்றுவழி ஒன்று உண்டு. அங்கிருந்தே பி.டி.எஃப். எடுத்து, இங்க்ஸ்கேப்பில் இறக்கும்போது பாப்ளர் என்ற இறக்குமதி வழியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் பாதைகளாகவே வரும். அவை குளோன்களாக (மூலத்தோடு பிணைந்த நகல்களாக) இருந்தால் அன்லிங்க் குளோன் கொடுத்துவிட்டு, அன்குரூப், யூனியன் என்று மேலே சொன்னபடி தொடருங்கள்.

படமாக மட்டும் கிடைத்த பழைய பலகையைத் தானாக டிரேஸ் செய்து (மென்பொருளே படத்தைக் கோடாக மாற்றி) அனுப்புவதை மட்டும் தவிருங்கள். வட்டம் முட்டையாகும், நேர்கோடு நெளியும், புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் வரும். ஃபான்ட்டைக் கண்டுபிடித்து மறுபடி அடிப்பதே குறைந்த வேலை.

---

மில்லிமீட்டர்:

கோப்பு வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1:1 என்று அனுப்பியது 1:1 ஆகத் திறக்க வேண்டுமே.

எஸ்.வி.ஜி.யில் நீளம் பிக்சலில் எழுதப்பட்டிருந்தால் தகராறு. இல்லஸ்ட்ரேட்டர் அங்குலத்துக்கு 72 என்று எழுதும், இங்க்ஸ்கேப் 96 என்று படிக்கும். உங்கள் 2400 மி.மீ. 1800 ஆகிவிடும். இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள், 0.91 வரை, 90 என்று கணக்கிட்டன, 0.92 முதல் 96. டி.எக்ஸ்.எஃப்.பில் அலகே இல்லாமல் எண் மட்டும் போகலாம், மி.மீ.யை அங்குலமாகப் படித்தால் 25.4 மடங்கு. அவ்வளவு பெரிய பிழையை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். 1800 மி.மீ. பிழைதான் வெட்டி முடிக்கும்வரை தெரியாமல் போகும்.

இதற்கு மருந்து எளிது. தனி லேயரில் சரியாக 1000 மி.மீ. நீளமும் 100 மி.மீ. உயரமும் உள்ள ஒரு செவ்வகம் போட்டு, “அளவு பார்க்க மட்டும், வெட்ட வேண்டாம்” என்று எழுதுங்கள். அந்த எழுத்தும் கர்வ்ஸ் ஆக வேண்டும். திறந்தவுடன் செவ்வகத்தை அளந்தால் போதும்.

உங்கள் வேலைக்கு நான் பி.டி.எஃப்.பைத்தான் முதலில் அனுப்புவேன். அளவு மாறாது, வளைவு வளைவாகவே போகும். பழைய பி.டி.எஃப். வகைகளில் ஒரு பக்கத்தின் எல்லை 200 அங்குலம், அதாவது 5080 மி.மீ. 2400க்கு இடம் தாராளம். அதைவிட நீளமான பலகைக்கு 1:10 என்று வரைந்து அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

டி.எக்ஸ்.எஃப். தான் வேண்டும் என்று ரவுட்டர்காரர் சொன்னால், அவருடைய மென்பொருள் ஸ்ப்ளைனை (வளைவை வளைவாகவே குறிக்கும் கோடு) படிக்குமா என்று முதலில் கேளுங்கள். படிக்காது என்றால் வளைவுகள் சிறு நேர்கோடுகளாக உடைக்கப்படும். 80 மி.மீ. ஆரமுள்ள வளைவை முழு வட்டத்துக்கு 32 கோடுகள் என்ற கணக்கில் உடைத்தால், ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 15.7 மி.மீ. நீளம் வரும். அதன் நடுப்பகுதி உண்மையான வளைவைவிட்டு 0.4 மி.மீ. விலகும். எண்ணில் சிறிதுதான், ஆனால் பளபளக்கும் அக்ரிலிக் விளிம்பில் வெளிச்சம் பட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். தமிழ் எழுத்தில் வளைவுதான் அதிகம், எனவே விலகல் 0.05 மி.மீ.க்கு மேல் போகாதபடி உடைக்கச் சொல்லுங்கள்.

நிறத்தை வினைல் தயாரிப்பாளரின் வண்ண எண்ணால் குறியுங்கள், திரை நிறத்தை நம்பி வெட்ட முடியாது. அக்ரிலிக், கதவின் பெரிய எழுத்து, நேர வரி மூன்றையும் மூன்று கோப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பெயரிலும் பொருள், ‘ப’ உயரம், அளவு விகிதம் மூன்றும் இருக்கட்டும். ஒரே கோப்பில் மூன்றையும் வைத்தால், 15 மி.மீ. வரி அக்ரிலிக் தகட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்து அதுவும் சேர்ந்து வெட்டப்படும்.